அபூசாலிக் காக்காவின் வலக்கை

யாராவது கை நீட்டினால் அபூசாலி மணிக்கட்டை நீட்டுவார். விரல்களை உள்ளே மடக்கி, முழங்கையைச் சற்று உயர்த்தி, "கை மீனாக் கிடக்கு மச்சான்" என்பார். வந்தவரும் அந்த மணிக்கட்டைத் தொட்டு ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மீன் வெட்டுகிறவரின் கை மீனாகத்தானே இருக்கும், யார் அதைப் பெரிதாக எடுப்பார்கள். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை குளித்து முழுகி, இடுப்பில் வெள்ளைச் சாரமும் அத்தர் வாசனையுமாக ஜும்ஆவுக்கு வந்த இடத்திலும் வாய் தவறி அதையே சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் ஒருமாதிரிப் பார்த்தார். அன்றிலிருந்து தொழுகையை முடிக்கும் ஸலாமைச் சொன்ன கையோடு, யாரும் கை நீட்டுமுன் எழும்பி, செருப்பைத் தேடி வெளியே போய்விடுவது அபூசாலியின் வழக்கம்.

சாய்ந்தமருதில் வீடு, கல்முனைச் சந்தையில் தொழில்; அங்கே எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். மீன் விற்பது வேறு ஆட்கள். வாங்கிய மீனை வெட்டித் துப்புரவாக்கிக் கொடுப்பதுதான் இவர் வேலை. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மரக்குத்தி, அதன்மேல் அகலக் கத்தி ஒன்று, செதிள் சீவ ஒரு சின்னக் கத்தி. பையை நீட்டியவுடன் வெட்டிவிட மாட்டார். "என்னத்துக்கு? ஆணத்துக்கா, பொரியலுக்கா?" என்று கேட்பார். பொரியலுக்கு என்று சொன்னால், "இந்தப் பாரையப் போய்ப் பொரிக்கிறயா? ஆணமாக்கு. நாளைக்கு வந்து எனக்கு துஆச் செய்வாய்" என்பார். வந்தவர் ஆணத்துக்கு, அதாவது குழம்புக்கு என்று சொல்லியிருந்தால் பொரிக்கச் சொல்லியிருப்பார் என்பது அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வீடுவீடாகத் தலைக்கணக்கு அவருக்கு மனப்பாடம். "உங்க ஊட்ட மருமகன் வந்திரிக்காரு எலா, அப்ப துண்டு பெருசா வெட்டுறன்" என்று அவராகவே முடிவெடுப்பார். குடலை எடுக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார். ஈரலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சை நிறப் பித்துப் பையைச் சுண்டுவிரலால் நெம்பி, உடையாமல் வெளியே எடுத்து எறிந்த பிறகுதான் மூச்சு விடுவார். "இது உடைஞ்சா மீன் கசக்கும். மீன் கசந்தா ஊட்டுக்குள்ள சண்டை" என்பது அவர் சொல்லும் காரணம்.

அவருடைய வலக்கை கெட்டுப்போனது எப்போது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. உள்ளங்கைத் தோல் தடித்து, ரேகைகளில் அரிசிமா பூசியதுபோல் வெள்ளை படிந்து, இடையிடையே உரிந்தது. பெருவிரல் நகமும் சுட்டுவிரல் நகமும் மஞ்சளாகி, தடித்து, நுனி பொடிப்பொடியாக உதிர்ந்தன. இடக்கை மட்டும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆள்போல் சுத்தமாக இருந்தது. கெடுவதென்றால் இடக்கை கெட்டிருக்கலாம் என்று அவர் பலமுறை நினைத்ததுண்டு. சாப்பிடும் கை, ஸலாம் கொடுக்கும் கை, நாலுபேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருக்கும்போது சோற்றில் வைக்கும் கை, எல்லாம் வலக்கைதான். கல்யாண வீடுகளில், "வயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்கு வெளியே நின்று தேநீர் குடிக்கப் பழகிக்கொண்டார். நெய்ச்சோற்று வாசனை பந்தலுக்கு வெளியேயும் வரும். அதற்கு அவர் என்ன செய்ய முடியும்.

இதெல்லாம் தாங்கக்கூடிய சங்கடங்கள். தாங்க முடியாதது ஒன்று வந்தது. மகள் அப்னாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை றிஸ்கான், மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்யும் மீராசாவின் மகன், கல்முனையில் மின்சாரச் சாமான் கடையில் வேலை. நிக்காஹ்வில் பெண்ணின் வாப்பா, மாப்பிள்ளையின் வலக்கையைத் தன் வலக்கையால் பிடித்துக்கொண்டு, "என் மகளை உமக்கு மணமுடித்துத் தந்தேன்" என்று அறபில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்பார். வாய் வராத வாப்பாமார் அந்தப் பொறுப்பை ஆலிமிடம் வக்காலத்தாகக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து கேட்பதும் உண்டு. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அப்னா பிறந்த நாளிலிருந்து அபூசாலி அந்தச் சொற்களைத் தானே சொல்வதாகத்தான் நினைத்திருந்தார். ஒரே மகள் வேறு.

பெண் பார்க்க வந்த அன்று கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். பலகாரத் தட்டை நீட்டும்போது மறந்து வெளியே எடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் உம்மா கண்டுவிட்டார்.  போகும்போது வாசலில் வைத்து அபூசாலியின் மனைவி றம்லாவிடம் மெதுவாக, "அது தொத்துமா?" என்று மட்டும் கேட்டார். றம்லா அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், சொல்லிவிட்டார். அபூசாலி மைத்துனர் ஹமீட்டைக் கூப்பிட்டு, "நிக்காஹ்வ ஆலிம்ட குடுத்திருவம். எனக்கு அறபு நாக்கில பிரளாது" என்றார். ஹமீட் அதை நம்பினார். அறபு நன்றாகப் பிரளும் என்று தெரிந்த றம்லா அடுப்படிக்குப் போய்விட்டார்.

வைத்தியம் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தோல் கிளினிக்கில் இது பங்கஸ், பூஞ்சணம் என்று சொல்லி, பூசுவது காணாது, உள்ளுக்கும் எடுக்க வேண்டும் என்று குளிசை கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. அபூசாலி குளிசையோடு பத்தியத்தையும் சேர்த்துக்கொண்டார். அதை யாரும் சொல்லத் தேவையில்லை. தோலில் ஏதும் வந்தால் அரிப்பைக் கிளப்பும் கிரந்திச் சாமான் தொடக்கூடாது என்பது இந்தக் கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மற்றவர்கள் றாலையும் சூரையையும் கத்தரிக்காயையும் நிறுத்துவார்கள். அபூசாலி எதிலும் ஒரு படி கூடப் போகிற ஆள். மீன், இறைச்சி, முட்டை, தேங்காய்ப்பால், எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தினார். காலை முழுக்க மீன் வெட்டுகிற மனிதர், மத்தியானம் வெறும் கஞ்சியும் அவித்த பயறும் தின்றார். நோன்பு மாதத்தில் பள்ளியில் ஊற்றும் கஞ்சியில் பாலும் இறைச்சியும் இருக்கிறதென்று, அதையும் தொடாமல் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தார். உடம்பு இளைத்தது, சாரம் இடுப்பில் நிற்க மறுத்தது, கை மட்டும் அப்படியே இருந்தது.

நோன்புப் பெருநாள் கழிந்து கிளினிக்குக்குப் போனபோது றம்லாவும் கூடப் போனார். தோல் டொக்டர் பாண்டிருப்புப் பக்கத்துப் பெண். வயதில் அப்னாவைவிடக் கொஞ்சம் மூப்பு. கையைப் பார்த்தார். பிறகு, "காலைக் காட்டுங்க" என்றார். அபூசாலி திகைத்துப்போய்ச் செருப்பைக் கழற்றினார். இரண்டு பாதங்களிலும் விரலிடுக்குகளில் அதே வெள்ளை. "ஈரச் சப்பாத்துக்குள்ள காலில தொடங்கி, சொறியிற கைக்கு ஏறியிருக்கு. அதான் ஒரு கையில மட்டும்" என்றார் டொக்டர். சந்தையில் நாள்முழுக்கப் போட்டுக்கொண்டு நிற்கும் றப்பர் சப்பாத்தை அவர் எப்படிக் கண்டார் என்று அபூசாலிக்கு இன்றுவரை ஆச்சரியம்.

"குளிசை ஒழுங்காப் போடுறீங்களா காக்கா?"

"ஓம் மிஸ். ஒரு நாளும் பிசகல்ல."

"இடைக்கிட விட்டிருப்பீங்க. உண்மையச் சொன்னா நான் ஏச மாட்டன்."

அபூசாலியின் முகம் சுருங்கிப்போய்விட்டது. அவ்வளவு கஞ்சி குடித்த மனிதனை நம்ப மறுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும். றம்லாதான் வாய் திறந்தார். "நோன்பு முழுக்க சஹர்ச் சாப்பாட்டுக்குப் பொறகு குளிசைய உடல்ல மிஸ். நான் கண்ணால பாத்த."

டொக்டர் பெருமூச்சு விட்டார். "அப்ப இது உங்களுக்குச் சரிவரல்ல போல. வேற குளிசை ஒண்டு இருக்கு. ஆனா முதல்ல ஈரல் எப்பிடி இருக்கெண்டு இரத்தம் எடுத்துப் பாக்கணும்" என்று எழுதத் தொடங்கியவர், எழுதியபடியே கேட்டார்: "சாப்பிட்டுட்டுத்தானே போடுறீங்க?"

"ஓம் மிஸ்."

"என்ன சாப்பிடுவீங்க?"

இத்தனை மாதமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று அபூசாலி காத்திருந்த கேள்வி அது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "கஞ்சி மிஸ். பாலில்லாத கஞ்சி. அவிச்ச பயறு. மீனில்ல, இறைச்சியில்ல, முட்டையில்ல. எண்ணெய்ப் பசையே வயித்துக்குள்ள போகல்ல. தேங்காப்பால கண்ணாலயும் காணல்ல" என்று சொல்லிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து அவர் முகத்தைப் பார்த்தார்.

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "கடவுளே" என்றார் மெதுவாக. பிறகு கதிரையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டு சொன்னார். "பிழை எங்கட பக்கமும் இருக்கு. சாப்பாடு எண்டு சொன்னம், என்ன சாப்பாடெண்டு சொல்லல்ல. இந்தக் குளிசை தண்ணியில கரையாது காக்கா. கொழுப்போடதான் சேரும். சாப்பாட்டில கொழுப்பு இருந்தாத்தான் பித்தம் நல்லாச் சுரந்து வரும். அதுல கரைஞ்சுதான் மருந்து குடலால இரத்தத்துக்கு ஏறும். வெறும் கஞ்சியோட போட்டா கொஞ்சம்தான் ஏறும். மிச்சம் வெளிய போயிரும்."

"வெளியண்டா மிஸ்?"

"வெளியதான்."

அபூசாலி யோசித்தார். "அப்ப இத்தின மாசமும் நான் கக்கூசுக்கு வைத்தியம் பாத்திரிக்கன்" என்றார். றம்லா முக்காட்டுச் சீலையை வாயில் பொத்திக்கொண்டார். டொக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். அபூசாலிக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. ஒரு மனிதன் இவ்வளவு ஒழுங்காக இருந்து இவ்வளவு பிழை விட முடியுமா என்று அவருக்கே தன்மேல் இரக்கமாக இருந்தது.

எழும்பும்போது தயங்கி நின்றார். "மகள்ட நிக்காஹ் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பொறகு மிஸ். அதுக்குள்ள இந்தக் கை கையா வருமா?"

"உள்ளங்கை தெளியலாம். சத்தியம் பண்ணிச் சொல்ல ஏலாது. நகம் சுணங்கும். மருந்து பழைய நகத்தைத் திருத்தாது. புதுசா முளைக்கிற நகத்துக்குள்ள போய் இருந்து, பங்கஸை அதுல ஏற விடாது. பழையது வளந்து வளந்து வெட்டுப்பட்டுத்தான் போகணும். வேற குளிசை இப்ப வேணாம், இதையே கொழுப்புச் சாப்பாட்டோட ஒரு நாளும் விடாமப் போடுங்க. போடுற மருந்தை ஈரல் அண்டாடம் உடைச்சு அனுப்பிக்கொண்டே இருக்கும். நீங்க நிப்பாட்டினா, புதுசா வாற தோலுக்கு மருந்து இருக்காது" என்றார் டொக்டர். தொத்துமா என்றும் அபூசாலி கேட்டார். காலையும் கையையும் உலர வைத்து, பூசுவதைப் பூசி, ஏறுகிற மாதிரிக் குளிசை எடுத்தால் அந்தப் பயம் குறைந்துவிடும் என்றார் அவர்.

மறுநாள் சந்தையில் அபூசாலியிடம் மீன் வெட்டக் கொடுத்தவர்கள் சீக்கிரம் வீடு போய்ச் சேரவில்லை. பெரிய பாரையொன்றின் வயிற்றைக் கீறி விரித்து வைத்துக்கொண்டு அவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "இதுதான் ஈரல். மருந்த உடைச்சு அனுப்புற ஆள். இது பித்து. நான் இவ்வளவு காலமும் இதைப் பழிச்சிக்கிட்டுத் திரிஞ்ச. மருந்த உள்ளுக்கு எடுத்துக் குடுக்கிற ஆளே இதுதான். கொழுப்பு வந்தாத்தான் இது கதவத் திறக்கும்." கொழுப்பு, பித்து, ஈரல், குடல் என்று நாலையும் அவர் ஒரு குடும்பமாக்கி, ஒருவரோடொருவர் கோபித்துக்கொள்வதாகவெல்லாம் சொன்னதை டொக்டர் கேட்டிருந்தால் தலையில் கை வைத்திருப்பார். பக்கத்துக் குத்தியில் வெட்டும் கச்சிமுகம்மது தலை நிமிராமலே சொன்னார்: "காக்காட வாயில இரிக்கிற கொழுப்புக்கு அந்த மருந்து எப்பயோ ஏறியிரிக்கணும்." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று அபூசாலி தன் கையின் கதையைச் சந்தையில் முதல்முறையாக வெளியே சொல்லியிருக்கிறார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. அவரும் வீட்டுக்குப் போகும் வழியில்தான் கவனித்தார்.

பருத்திக் கையுறைக்கு மேல் றப்பர் கையுறை போட்டுக்கொண்டு வெட்டத் தொடங்கினார். "ஒப்பரேசனா காக்கா?" என்று கேட்டவர்களுக்கு, "ஓம், உண்ட பாரைக்கு" என்றார். சப்பாத்தை வெயிலில் காயவைத்தார். வீட்டில்தான் பெரிய வழக்கு நடந்தது. கிரந்தி கிளம்பிவிடும் என்று றம்லாவுக்குப் பயம். கொழுப்பென்றால் எல்லாக் கொழுப்பும்தான் என்பது அபூசாலியின் கட்சி. முடிவில் ஓர் உடன்பாடு வந்தது. தேங்காய்ப்பால் சோறு, முட்டைப் பொரியல், எருமைத் தயிர், கொழுப்போடு மாட்டிறைச்சி எல்லாம் சரி. றாலும் கத்தரிக்காயும் வீட்டுப்படி ஏறக்கூடாது. டொக்டர் றாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அபூசாலி வாதாடிப் பார்த்தார். "டொக்டர் சமைக்கிறல்ல, நான்தான் சமைக்கிற" என்று றம்லா சொன்னதோடு வழக்கு முடிந்தது. இன்றுவரை அந்த வீட்டில் றால் இல்லை.

சாரம் இறுகத் தொடங்கியது. கை அவ்வளவு அவசரப்படவில்லை. முதலில் அரிப்பு அடங்கியது. பிறகு உள்ளங்கையின் ஓரங்களில் பழைய தோல் போய், அடியில் மெல்லிய, கொஞ்சம் சிவந்த தோல் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் வாசலில் நின்று பெருவிரலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். நகத்தின் அடியில், சதையிலிருந்து, பொட்டுப்போல நல்ல நகம் முளைத்திருந்தது. "றம்லா, கீழால புதுச் சாமான் வருகுது" என்று கூப்பிட்டார். றம்லா கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து பார்த்தார். அப்னாவும் வந்து பார்த்தாள். மூன்று பேர் ஒரு நகத்தைச் சுற்றி நின்று சந்தோஷப்பட்டார்கள்.

உள்ளங்கை தெளிந்ததும் குளிசையை நிறுத்திவிடலாமே என்று ஒரு யோசனை அவருக்கு வந்தது. நல்லதைக் கண்டதும் மருந்தை விடுவது மனிதக் குணம். அப்னாதான் பிடித்துக்கொண்டாள். "நகம் வந்து முடியல்லயே வாப்பா. டொக்டர் நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுங்க" என்று சொல்லிக் குளிசையையும் தயிர்க் கோப்பையையும் முன்னால் வைத்தாள். பிறகு போகாமல் அங்கேயே நின்றாள். "வாப்பா, ஆலிம்ட குடுக்காதீங்க. நீங்களே சொல்லுங்க" என்றாள்.  அபூசாலி குளிசையை விழுங்கி, தயிரை வழித்துத் தின்றார். அடுத்தநாள் செதிள் சீவும்போது அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. ஒவ்வொரு மீனுக்கும் அதே முணுமுணுப்பு. "காக்கா மீனுக்கு ஓதிப் பாக்கிறாரு" என்றார் கச்சிமுகம்மது.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ் நாள் வந்தது. பள்ளியில் வெள்ளை விரிப்புப் போட்டு, நடுவில் ஆலிம், ஒருபுறம் மாப்பிள்ளை றிஸ்கானும் அவன் வாப்பா மீராசாவும், மறுபுறம் அபூசாலி. அவர் உள்ளங்கை மற்றவர்களின் கைபோல் இருந்தது. நகங்கள் அப்படியில்லை. கீழ்ப்பாதி நல்ல நகமாகவும் மேற்பாதி மஞ்சளாகவும், ஒட்டுப்போட்டதுபோல் பெருவிரலும் சுட்டுவிரலும் எல்லோருக்கும் தெரிந்தன. சம்மந்தியின் கண் ஒருமுறை அங்கே போய்த் திரும்பியது. "வக்காலத்துத் தாறதா?" என்று ஆலிம் கேட்டார். ஹமீட் தலையாட்டப் போனார். "இல்ல ஹஸ்ரத். நான் சொல்லுறன்" என்றார் அபூசாலி. அவர் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

கையை நீட்டினார். றிஸ்கான் பிடித்துக்கொண்டான். பள்ளி முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சானின் மானத்தைக் காப்பாற்ற நினைத்தாரோ என்னவோ, ஹமீட் சட்டைப் பையிலிருந்து மடிப்புக் குலையாத வெள்ளைக் கைலேஞ்சியொன்றை எடுத்து, குனிந்து, சேர்ந்திருந்த இரண்டு கைகளுக்கும் மேலே விரித்து மூடினார். சில இடங்களில் அப்படியொரு வழக்கமும் உண்டு என்பதால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. ஆலிம் முதல் சொல்லை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார்.

அபூசாலி, கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் இடக்கையைக் காட்டினார். லேஞ்சியை மெதுவாக எடுத்தார். வேர்த்து நனைந்திருந்த மாப்பிள்ளையின் உள்ளங்கையை அதால் ஒற்றித் துடைத்து, லேஞ்சியை நாலாக மடித்து ஹமீட்டிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் கையை மறுபடி வெறுங்கையால் பிடித்துக்கொண்டார்.